தலைவர் ஆல்பர்ட் லுத்துலி: அறத்தின்பொருட்டுப் பதவி இழந்த பெருந்தகை

சட்டம் குடிகளைக் காக்கும் வேலி என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. அவ்வேலியே பயிரை மேய்ந்த காலங்களும் உலக வரலாற்றில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னாப்பிரிக்கா அத்தகையதொரு நாடாக இருந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரான வெள்ளையர், எஞ்சிய பெரும்பான்மையினர் எங்கே பிறக்கலாம், எங்கே வாழலாம், எதைப் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பனவற்றையெல்லாம் ஏட்டில் எழுதிச் சட்டமாக்கி வைத்திருந்தனர். அச்சட்டங்களை எதிர்த்து நின்றோர் பலர். அவர்களுள் தனிச்சிறப்புடன் எண்ணத்தக்கவர் ஆல்பர்ட் ஜான் லுத்துலி.

இயல்பில் அவர் கலகக்காரர் அல்லர். ஆசிரியர், திருச்சபையில் மதிப்புப் பெற்றவர், அரசு ஏற்பளித்த ஊர்த்தலைவர். ஐம்பது வயது கடக்கும் வரையில் சட்டத்திற்கு உட்பட்டு, விண்ணப்பங்கள் எழுதியும் குழுக்களில் வாதிட்டும் நன்மையை நாடியவர். அத்தகைய ஒருவர் சட்டத்தை மீறுவதே அறம் என்னும் முடிவுக்கு எவ்வாறு வந்தார், அம்முடிவுக்காக எவ்வெவற்றை இழந்தார், இழந்தபோதும் பகைமையை உள்ளத்தில் புகவிடாமல் எவ்வாறு காத்துக்கொண்டார் என்பதே அவருடைய வரலாறு.

பிறப்பும் கல்வியும்

லுத்துலி 1898ஆம் ஆண்டளவில், இன்று ஜிம்பாப்வே என வழங்கும் நாட்டில், புலவாயோ நகருக்கு அண்மையிலிருந்த சொலூசி என்னும் மறைப்பணி நிலையத்தில் பிறந்தார். தந்தையார் ஜான் பன்யன் லுத்துலி அங்கே மொழிபெயர்ப்பாளராகவும் மறைப்பணியாளராகவும் தொண்டாற்றியவர். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் மறைந்தார். தாயார் இம்டோன்யா பின்னர்த் தம் மக்களுடன் முன்னோர் ஊரான குரூட்வில்லுக்குத் திரும்பினார்.

குரூட்வில் நேட்டால் மாநிலத்தின் கடற்கரையை ஒட்டிய கரும்பு நிலப்பகுதியில், உம்வோட்டி ஆற்றின் அருகே உள்ளது. அந்நிலப்பகுதியைத் தமிழர் அறியாதவர் அல்லர். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் முதலாக, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் வியர்வை சிந்தியது நேட்டாலின் கரும்புத் தோட்டங்களிலேயே. 

சிறுவன் ஆல்பர்ட் தம் சிற்றப்பனார் மார்ட்டின் லுத்துலியின் இல்லத்தில் வளர்ந்தார். மார்ட்டின் அவ்வூர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். வழக்குகளை அவர் பொறுமையுடன் கேட்டுத் தீர்ப்பளித்த முறையைச் சிறுவயதிலேயே அருகிருந்து காணும் வாய்ப்பு ஆல்பர்ட்டுக்குக் கிட்டியது. தாயார் காய்கறி பயிரிட்டும், வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்தும் ஈட்டிய பொருளால் மகனைப் படிக்க வைத்தார்.

ஜான் டூபே என்னும் ஆப்பிரிக்கப் பெரியார் நிறுவிய ஓலாங்கே கல்வி நிலையத்தில் லுத்துலி சிலகாலம் பயின்றார். டூபே 1912இல் தோன்றிய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். ஓலாங்கே அமைந்த இனாண்டாப் பகுதியிலேயே காந்தியடிகளின் பீனிக்ஸ் குடியிருப்பும் இருந்தது. பின்னர் லுத்துலி ஆசிரியப் பயிற்சி பெற்று, ஆடம்ஸ் கல்லூரியில் உயர்பயிற்சியும் முடித்து, அங்கேயே ஆசிரியரானார். போர்ட் ஹேர் பல்கலைக் கல்லூரியில் மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தபோது, முதுமையுற்ற தாயாரைத் தாங்க வேண்டிய கடமையை எண்ணி அதனை ஏற்காது விடுத்தார். 1927இல் உடன் பணியாற்றிய ஆசிரியை நொக்குகான்யாவை மணந்தார். அவ்விணையர்க்கு மக்கள் எழுவர்.

ஆசிரியப் பணியிலிருந்து ஊர்த்தலைமைக்கு

ஆடம்ஸ் கல்லூரியில் அவர் கழித்த ஆண்டுகள் அமைதியானவை. ஜூலு மொழியும் இசையும் கற்பித்தார். மாணவர் பாடற்குழுவை நடத்தினார். நேட்டால் ஆப்பிரிக்க ஆசிரியர் சங்கத்தின் செயலாளராகவும் பின்னர்த் தலைவராகவும் இருந்தார். அந்நிலையில் குரூட்வில் மக்கள் தம் ஊர்த்தலைமையை ஏற்குமாறு அவரை வேண்டினர். ஆசிரியப் பணியின் நிலையான ஊதியத்தை விட்டுக் குறைந்த வருவாயுள்ள பொறுப்பை ஏற்பதா என அவர் தயங்கினார். ஏறத்தாழ ஈராண்டுத் தயக்கத்துக்குப் பின் இசைந்தார். தேர்தலில் வென்று, 1936இன் தொடக்கத்தில் பொறுப்பேற்றார்.

ஊர்த்தலைவராக அவர் பதினேழு ஆண்டுகள் பணிபுரிந்தார். குடும்ப வழக்கு, நில வழக்கு, கடன் வழக்கு எனத் தம்முன் வந்தவற்றைத் தீர விசாரித்துச் சமரசம் செய்து வைத்தார். மரபுப்படி ஆடவரே கூடிய ஊர்க்கூட்டங்களில் பெண்டிரும் பங்குகொள்ள வழிசெய்தார். கரும்பு உற்பத்திக்கு வரம்பு விதித்து 1936இல் வந்த சட்டம் சிறு நிலமுடைய ஆப்பிரிக்கரைப் பெரிதும் வருத்தியது. லுத்துலி அவர்களை ஒன்றுதிரட்டிக் கரும்பு பயிரிடுவோர் சங்கத்துக்குப் புத்துயிர் அளித்தார். நேட்டால், ஜூலுலாந்துப் பகுதிகள் முழுமைக்குமான சங்கத்தையும் அமைத்தார்.

இக்காலத்தில் அவர் நம் தமிழ்நாட்டு மண்ணையும் மிதித்தார். 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில், கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் நடைபெற்ற உலக மறைப்பணி மாநாட்டிற்குத் தென்னாப்பிரிக்கப் பேராளருள் ஒருவராக வந்தார். பல நாட்டினரும் நிற வேறுபாடின்றி ஒருங்கே அமர்ந்து உரையாடிய அவ்வரங்கு, தம் நாட்டில் ஆப்பிரிக்கர்க்கு மறுக்கப்பட்ட சமநிலை இயலாத ஒன்றன்று என்பதைக் கண்முன் காட்டியது.

ஊர்த்தலைமை அவருக்கு ஒரு கசப்பான உண்மையையும் உணர்த்தியது. தம் மக்களின் வறுமைக்குக் காரணம் அவர்தம் சோம்பலோ அறியாமையோ அன்று, நிலமின்மையே. 1913இல் இயற்றப்பட்ட நிலச்சட்டம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே ஆப்பிரிக்கர்க்கு ஒதுக்கியது. 1936ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏறத்தாழ 13 விழுக்காடாக உயர்த்த வழிசெய்தது. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்குரிய பங்கு அவ்வளவே. எத்துணை நல்ல ஊர்த்தலைவனாலும் இல்லாத நிலத்தைப் பங்கிட்டுத் தர இயலாது என்பதை அவர் கண்டார்.

1946இல் அவர் பூர்வகுடிப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிவுரை கூறும் உரிமை மட்டுமே அவ்வவைக்கு இருந்தது. கேட்கும் கடமை அரசுக்கு இல்லை. அவ்வாண்டு சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அரசு வன்முறையால் ஒடுக்கியபோது, உறுப்பினர்கள் அவையை ஒத்திவைத்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். மூடிய கதவைப் பணிவாகத் தட்டுவதில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம் என்னும் எண்ணம் லுத்துலியின் உள்ளத்தில் வேரூன்றத் தொடங்கியது.

நிறத்தால் வகுத்த சட்டங்கள்

1948ஆம் ஆண்டுத் தேர்தலில் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. பிரித்து வைத்தல் எனப் பொருள்படும் அபார்தைட் என்னும் சொல்லே அக்கட்சியின் கொள்கை முழக்கம். நிற வேற்றுமை முன்னரும் இருந்ததே. வழக்கமாகவும் சிதறிய விதிகளாகவும் இருந்த அதனை ஒழுங்குபட்ட சட்டத் தொகுதியாக்கியதே புதிய அரசின் செயல்.

1949இல் வெள்ளையர்க்கும் பிற இனத்தார்க்கும் இடையே திருமணத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. 1950இல் மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் இன்ன இனத்தவர் என அரசு ஏட்டில் பதிவு செய்யப்பட்டனர். தோற்றமும் பிறர் அவரை எவ்வாறு கருதுகின்றனர் என்பதுமே அளவுகோல்கள். ஐயம் எழுந்தவிடத்து அலுவலர் தலைமுடியின் சுருளையும் தோலின் நிறத்தையும் ஆராய்ந்து முடிவு செய்தனர். ஒரு வயிற்றில் பிறந்தோர் வெவ்வேறு இனத்தவராக எழுதப்பட்டுப் பிரிந்த கொடுமையும் நேர்ந்தது.

அவ்வாண்டே வந்த குழுப்பகுதிச் சட்டம் நகரங்களை இனவாரியாகக் கூறுபோட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டையும் நடத்திய கடையையும் விட்டுவிட்டு, அரசு காட்டிய இடத்துக்குப் பெயர வேண்டியவர்களுள் நேட்டாலின் தமிழ்க் குடும்பங்களும் பல. 1953ஆம் ஆண்டுத் தனி வசதிச் சட்டம் பேருந்து, பூங்கா, கடற்கரை, அஞ்சலக வாயில் ஆகியவற்றை இனத்துக்கு ஒன்றாகப் பிரித்தது. அவ்வாறு பிரிக்கப்பட்டவை தரத்தில் சமமாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் சட்டமே வெளிப்படையாகக் கூறியது. அதே ஆண்டின் பாண்டுக் கல்விச் சட்டம் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் கல்வியை அரசின் பிடிக்குள் கொணர்ந்து, உடலுழைப்புக்கு ஏற்ற அளவில் குறுக்கியது. லுத்துலி பயின்று பணியாற்றிய ஆடம்ஸ் கல்லூரியும் 1956இன் இறுதியில் அரசின் கைக்குச் சென்றது. அதன் பழம்பெயரும் மறைந்தது.

இவையனைத்திலும் ஆப்பிரிக்கரை நாள்தோறும் வாட்டியது பாஸ் எனப்பட்ட அனுமதிச் சீட்டே. 1952இல் வந்த சட்டம் பெயரளவில் அச்சீட்டை ஒழிக்கும் சட்டம். செயலளவில், பதினாறு வயது நிரம்பிய ஒவ்வோர் ஆப்பிரிக்கரும் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய தனியொரு கையேட்டை அது கட்டாயமாக்கியது. நிழற்படம், வேலைகொடுத்தவரின் கையொப்பம், வரி கட்டிய சான்று ஆகியன அதில் இருக்க வேண்டும். காவலர் கேட்கும்போது காட்டத் தவறினால் சிறை. பால் வாங்க வீதியில் இறங்கியவர் வீடு திரும்பாமற்போனது அங்கே புதுமையன்று.

பதவியா, அறமா

1952 ஜூன் 26ஆம் நாள் அறமற்ற சட்டங்களை மீறும் இயக்கம் தொடங்கியது. அனுமதிச் சீட்டுச் சட்டம், குழுப்பகுதிச் சட்டம் முதலான ஆறு சட்டங்கள் இலக்காகக் குறிக்கப்பட்டன. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசும் இந்தியர் காங்கிரசும் இணைந்து நடத்திய இவ்வியக்கத்தின் முறை எளியது. முன்னறிவித்துவிட்டு, வெள்ளையர்க்கு மட்டும் என எழுதப்பட்ட வாயிலில் நுழைவர். அனுமதியின்றி விலக்கப்பட்ட பகுதிக்குள் செல்வர். காவலர் வந்தால் எதிர்க்காமல் உடன்செல்வர். அபராதம் கட்டாமல் சிறை ஏகுவர். சில திங்களில் 8,000க்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர்.

1951இலேயே நேட்டால் மாநிலக் காங்கிரசின் தலைவராகியிருந்த லுத்துலி இவ்வியக்கத்துக்குத் தோள்கொடுத்தார். ஆப்பிரிக்கரும் இந்தியரும் கைகோத்து நிற்பது நேட்டாலில் எளிதாக இருக்கவில்லை. 1949 ஜனவரியில் டர்பன் நகரில் ஆப்பிரிக்கர்க்கும் இந்தியர்க்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டிருந்தனர். அப்புண் ஆறாத மண்ணில், தமிழ் வழியினரான மருத்துவர் மாண்டி நாயக்கர் தலைமையிலான நேட்டால் இந்தியர் காங்கிரசுடன் லுத்துலி தோழமை பூண்டார். ஒடுக்கப்பட்டோர் தம்முள் பகைத்துக்கொள்வது ஒடுக்குவோர்க்கே ஊதியம் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். அந்நட்பு இறுதிவரை நீடித்தது.

அரசு லுத்துலியை அழைத்தது. ஊர்த்தலைமை வேண்டுமா, காங்கிரஸ் தலைமை வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்றது. அரசுக்கு ஊழியரான ஊர்த்தலைவர் அரசின் சட்டத்தை மீறுமாறு மக்களைத் தூண்டுவது முரண் என்பது அதன் வாதம். லுத்துலி இரண்டையும் விட மறுத்தார். ஊர்த்தலைவன் முதற்கண் மக்களுக்கே உரியவன். மக்களை வருத்தும் சட்டத்தை எதிர்ப்பது அப்பொறுப்புக்கு முரணன்று, அதன் நிறைவே என்பது அவர் கொண்ட நிலை. 1952 நவம்பரில் அரசு அவரைப் பதவியினின்று நீக்கியது. தாம் நடந்துவந்த பாதையை விளக்கி அவர் அப்போது விடுத்த அறிக்கை நாடெங்கும் பரவியது. அடுத்த மாதமே ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் அவரைத் தன் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஓர் ஊரின் தலைமையைப் பறித்த அரசு, அவரை ஒரு நாட்டின் தலைமைக்கு உயர்த்திவிட்டது. குரூட்வில் மக்களோ அவரை இறுதிவரை தலைவர் என்றே விளித்தனர்.

சுருங்கிய வட்டம், விரிந்த புகழ்

1950ஆம் ஆண்டின் பொதுவுடைமை ஒடுக்குதல் சட்டம் நீதி அமைச்சர்க்கு ஓர் அரிய அதிகாரத்தை அளித்திருந்தது. பொதுவுடைமை என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தந்த பொருள் மிக விரிந்தது. அரசின் கொள்கையை மாற்ற முனைவோர் எவரையும் அதற்குள் அடக்கலாம். வழக்கில்லை, விசாரணையில்லை, தீர்ப்பில்லை. அமைச்சரின் கையொப்பம் ஒன்றே ஒருவரைக் கூட்டங்களுக்குச் செல்லாமலும் தம் ஊரைவிட்டு வெளியேறாமலும் தடுத்துவிடும். ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளரான லுத்துலியின்மேல் இச்சட்டமே மீண்டும் மீண்டும் பாய்ந்தது.

1953இல் முதல் தடையாணை வந்தது. அது முடிந்ததும், சோபியாடவுன் மக்களை வெளியேற்றும் திட்டத்தை எதிர்த்துப் பேச 1954இல் ஜோகன்னஸ்பர்க் சென்றார். அங்கேயே இரண்டாம் ஆணை அவர் கையில் தரப்பட்டது. ஈராண்டுகள் ஊர்ச்சுற்றுக்குள்ளேயே அடைபட்டார். 1955இல் கிளிப்டவுனில் கூடிய பெருமன்றம் விடுதலைச் சாசனத்தை ஏற்றபோது, இயக்கத்தின் தலைவராகிய அவரால் அங்கே செல்ல இயலவில்லை.

1956 டிசம்பரில் நாடெங்கும் 156 பேர் அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதாயினர். லுத்துலியும் அவருள் ஒருவர். ஓராண்டுக்குப் பின் அவர்மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. எஞ்சியோர் வழக்கு 1961 வரை நீண்டு, அனைவரும் விடுதலை பெற்றனர். பல இனத்தவரையும் ஒரே கூண்டில் ஏற்றிய அவ்வழக்கு, அரசு விரும்பாத ஒன்றை நிகழ்த்தியது. தொலைவிலிருந்து ஒருவரையொருவர் பெயரால் மட்டும் அறிந்திருந்த தலைவர்கள், நாள்தோறும் கூடிப் பேசும் தோழர்களாயினர்.

தடை நீங்கிய சிறு இடைவெளியில் லுத்துலி வெள்ளையர் கூட்டங்களிலும் பேசினார். 1958இல் பிரிட்டோரியாவில் அத்தகைய கூட்டமொன்றில் இளைஞர் கும்பல் புகுந்து அவரை மேடையிலிருந்து தள்ளி உதைத்தது. காவலர் வந்து அமைதி ஏற்பட்டதும், அறுபது வயதை எட்டிய அவர் எழுந்து, உடையைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தம் உரையைத் தொடர்ந்தார். அடித்தவர்களைப் பற்றிக் கடுமொழி கூறவில்லை. கேட்டிருந்த வெள்ளையர் பலரின் உள்ளத்தை அவ்வுரையினும் அப்பொறையே மாற்றியிருக்கும். இத்தகைய செல்வாக்கே அரசை அஞ்ச வைத்தது. 1959 மே மாதம் ஐந்தாண்டுத் தடையாணை பிறந்தது.

எரிந்த சீட்டு

1960 மார்ச் 21ஆம் நாள், பான் ஆப்பிரிக்கானிஸ்ட் காங்கிரஸ் அழைப்பை ஏற்று, ஷார்ப்வில் காவல் நிலையத்தின்முன் அனுமதிச் சீட்டின்றி மக்கள் திரண்டனர். காவலர் சுட்டதில் 69 பேர் உயிரிழந்தனர். பலர் முதுகில் குண்டு பாய்ந்து வீழ்ந்தவர்கள், அதாவது, ஓடிக்கொண்டிருந்தவர்கள்.

அரசத்துரோக வழக்கில் சான்றுரைக்கும்பொருட்டு லுத்துலி அப்போது பிரிட்டோரியாவில் இருந்தார். மாண்டோர்க்காக நாடு முழுவதும் மார்ச் 28ஆம் நாளைத் துக்க நாளாகக் கொண்டு வீட்டிலேயே இருக்குமாறு மக்களை வேண்டினார். பின் எல்லோரும் காணத் தம் அனுமதிச் சீட்டைத் தீயிலிட்டு எரித்தார். வாழ்நாளெல்லாம் சட்டத்தை மதித்துவந்த ஒருவரின் கையில் அச்சிறு ஏடு கருகிய காட்சி நிழற்படமாக உலகெங்கும் சென்றது. தாம் செய்யாத எதனையும் பிறரைச் செய்யுமாறு கேட்பது தலைமையாகாது என்பது அவர் கொள்கை.

சில நாட்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. லுத்துலி கைதாகி, ஆகஸ்ட் வரை உடல்நலம் குன்றிய நிலையில் சிறையில் இருந்தார். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஏப்ரல் மாதம் தடை செய்யப்பட்டது. சீட்டை எரித்த குற்றத்துக்காக அபராதமும், நோயைக் கருதி ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அவருக்கு விதிக்கப்பட்டன.

ஓஸ்லோவும் அதன் பின்னும்

1961 அக்டோபரில், 1960ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு லுத்துலிக்கு அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்கர் ஒருவர் அப்பரிசைப் பெறுவது அதுவே முதன்முறை. உள்துறை அமைச்சராயிருந்த யான் டி கிளார்க், அவர் அப்பரிசுக்குத் தகுதியற்றவர் என்று அறிவித்துக்கொண்டே, சில நாட்களுக்கு மட்டும் நாட்டைவிட்டுச் செல்ல இசைவளித்தார். டிசம்பர் மாதம் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் ஜூலு தலைவர்க்குரிய மரபு அணிகளுடன் லுத்துலி மேடையேறினார். அரசு பறித்த தலைமையின் சின்னங்களை உலகம் எழுந்து நின்று வணங்கியது. பரிசுத் தொகையைக் கொண்டு அண்டை நாடான சுவாசிலாந்தில் நிலம் வாங்கி, நாடுவிட்டு ஓடிவந்தோர்க்குப் புகலிடமாக்கினார். அப்பண்ணைகளில் இறங்கி உழைத்தவர் நொக்குகான்யா அம்மையார்.

அவர் ஓஸ்லோவிலிருந்து திரும்பிய சில நாட்களில், டிசம்பர் 16ஆம் நாள், நாட்டில் குண்டுகள் வெடித்தன. நெல்சன் மண்டேலா முதலானோர் அமைத்த ஆயுதப் பிரிவின் முதற்செயல் அது. அமைதி வழிகளனைத்தும் அடைக்கப்பட்டபின் வேறு வழியில்லை என்பது இளந்தலைவர்களின் முடிவு. இது பற்றி அவ்வாண்டு நடந்த இரவு நெடுங்கூட்டங்களில் லுத்துலி கொல்லாமையின் பக்கமே நின்று வாதிட்டார். எனினும் இயக்கம் தன் அளவில் அமைதி வழியிலேயே இருக்கும். தனி அமைப்பாக ஆயுதம் ஏந்துவோரை அது தண்டிக்காது என முடிவாயிற்று. 1964இல் மண்டேலாவும் தோழர்களும் ஆயுள்தண்டனை பெற்றபோது, அவர்கள் கொண்ட வழியைத் தம் வழியாக ஏற்காமலும், அவர்களைப் பழிக்க மறுத்தும் அவர் அறிக்கை விடுத்தார். எல்லா வாயில்களையும் அடைத்த அரசே அதற்குப் பொறுப்பு என்றார்.

இந்நிலை அவருக்கு எளிதாக இருந்திருக்க இயலாது. அகிம்சையைக் கோழைமை என்று ஒரு சாராரும், ஆயுதத்தோடு கொண்ட கள்ள உறவு என்று அரசும் கூறின. அவர் இரண்டுக்கும் இடங்கொடாமல், தம் கையைத் தூய்மையாக வைத்துக்கொண்டே தம் மக்களைக் கைவிடாமலும் நின்றார். 

இறுதி ஆண்டுகள்

அவருடைய தன்வரலாற்று நூல் 1962இல் வெளிவந்தது. அவர் நாட்டினர் அதனைப் படிக்க இயலவில்லை. அவ்வாண்டு இறுகிய சட்டத்தின்படி, தடைசெய்யப்பட்டவர் கூறியதையோ எழுதியதையோ அச்சிடுவதும் குற்றம். உலகம் போற்றிய ஒருவரின் சொல் ஒன்றைக்கூட அவர் பிறந்த மண்ணின் நாளிதழ் வெளியிட முடியாது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் அவரைத் தம் கெளரவத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அப்பதவியை ஏற்கச் செல்ல இசைவு கிட்டவில்லை. 1964இல் தடை மேலும் ஐந்தாண்டுகள் நீட்டிக்கப்பட்டது. 1966 ஜூனில் அமெரிக்க மேலவை உறுப்பினர் ராபர்ட் கென்னடி ஹெலிகாப்டரில் குரூட்வில் வந்து அவரைக் கண்டார். பார்வையும் செவியும் மங்கிய முதுமையில், நாள்தோறும் தம் வயலுக்கும் சிறு கடைக்கும் நடந்து செல்வதே அவர் உலகமாயிற்று.

1967 ஜூலை 21ஆம் நாள், வீட்டுக்கு அண்மையில் உள்ள உம்வோட்டி ஆற்று இரயில் பாலத்தருகே அவர் தலையில் படுகாயமுற்றுக் கிடந்தார்; அன்றே ஸ்டேங்கர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். சரக்கு இரயில் மோதியது என்றனர். விபத்தே என அவ்வாண்டு விசாரணை முடிவு செய்தது. குடும்பத்தார் அதனை என்றும் ஏற்கவில்லை. நொக்குகான்யா அம்மையார் 1996இல் மறையும் வரை அவ்வையம் தீரவில்லை. விசாரணை மீண்டும் திறக்கப்பட்டு, 2025 அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் பழைய முடிவைத் தள்ளியது. அவர் தாக்கப்பட்டே இறந்தார் என்றும், அதற்கு அந்நாளைய பாதுகாப்புக் காவல்துறையினர் பொறுப்பு என்றும் தீர்ப்பளித்தது. உண்மை வெளிவர 58 ஆண்டுகள் ஆயின.

வீழ்ந்த சட்டங்கள்

அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் 1986இல் நீங்கின. தனி வசதிச் சட்டம் 1990இலும், நிலச்சட்டங்கள், குழுப்பகுதிச் சட்டம், மக்கள் பதிவுச் சட்டம் ஆகியன 1991இலும் நீக்கப்பட்டன. அவற்றை நீக்கிய அரசின் தலைவர் எப். டபிள்யூ. டி கிளார்க், லுத்துலியை நோபல் பரிசுக்குத் தகுதியற்றவர் என்ற யான் டி கிளார்க்கின் மைந்தர். 1993இல் அதே பரிசை மண்டேலாவுடன் பகிர்ந்து பெற்றவரும் அவரே.

1994 ஏப்ரல் 27ஆம் நாள் தென்னாப்பிரிக்க மக்கள் அனைவரும் முதன்முறையாக வாக்களித்தனர். லுத்துலி சிறுவனாகப் பயின்ற ஓலாங்கே பள்ளியில் மண்டேலா தம் வாழ்வின் முதல் வாக்கைச் செலுத்தினார். குரூட்வில்லில் லுத்துலி அடைபட்டுக் கிடந்த இல்லம் இன்று அருங்காட்சியகம். எவரும் வந்து காணக்கூடாது என அரசு தடுத்த வீட்டின் வாயில் இன்று பள்ளிக் குழந்தைகளுக்குத் திறந்திருக்கிறது.

சட்டம் என்று எழுதப்பட்டதனாலேயே ஒன்று அறமாகிவிடாது என்பதை லுத்துலியின் வாழ்வு உணர்த்துகிறது. தீய சட்டத்தை எதிர்ப்பவன் தீயோனாக வேண்டியதில்லை என்பதையும் அது உணர்த்துகிறது. அவர் சட்டத்தை மறைவாக மீறவில்லை. பலர் காண மீறினார். தண்டனைக்குத் தப்பி ஓடவில்லை; அதனை ஏற்றார். ஒறுத்தாரை வெறுக்கவில்லை, அவரும் ஒருநாள் திருந்தி உடன்வாழ்வர் என நம்பினார். அந்நாளைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அந்நாள் வந்தபோது, பழிக்குப் பழி என்று இரத்தம் பெருகும் என அஞ்சிய உலகம், வாக்குச்சாவடிகளின் முன் எல்லா நிறத்தவரும் ஒரே வரிசையில் பொறுமையுடன் நிற்பதைக் கண்டது. அவ்வரிசைக்கு வழி அமைத்தோருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி.